தலைமடை வயலா, தூர தேசத்துப் பங்கா? 42 லட்சத்துக்கு ஒரு கணக்கு

போன மாதம் நீடாமங்கலத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அத்தான் பேச்சை எடுத்துவிட்டார். "தலைமடை வயல் விலைக்கு வருது தம்பி. நம்ம வயலுக்கு மேல இருக்கே, அந்த ஒரு ஏக்கர். கோயம்புத்தூர்க்காரர் இருபது லட்சம் சொல்றார். வாங்கிப் போட்டுடலாமா?"

அத்தானுக்கு வயது 61. மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்து முப்பது வருஷம் உழைத்தவர். ஓய்வூதியம் எதுவும் இல்லை. தஞ்சாவூரில் பங்குக்கு வந்த பழைய மனையை விற்றதில் கையில் 42 லட்சம் இருக்கிறது. மகள் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள் சொல்வது வேறு, பல தொழில்களை ஒரு கூரையின் கீழ் வைத்திருக்கும் ஓர் அமெரிக்கக் கம்பெனியின் பங்கு: "அப்பா, பெர்க்‌ஷயர் ஹாத்வே பங்கு வாங்கிப் போட்டுட்டு மறந்துடுங்க." அக்காவுக்கு நகைதான் பத்திரம். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, வெளிநாடெல்லாம் எதற்கு, இங்கேயே பாரி, பஜாஜ் என்று ஹோல்டிங் கம்பெனிகள், அதாவது மற்ற கம்பெனிகளின் பங்குகளைக் கையில் வைத்திருக்கும் கம்பெனிகள், பாதி விலைக்குக் கிடைக்கின்றன என்று சொல்லியிருக்கிறார்.

கும்பகோணத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இருபது வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். வயலா, வங்கியா, நகையா என்ற கேள்வி எங்கள் மேசைக்கு வாரம் தவறாமல் வரும். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: எதில் பணம் அதிகம் வளரும்? அதற்குப் பதில் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய கேள்விகள் இரண்டு உண்டு. இன்றைக்கு என்ன விலை கொடுத்து எவ்வளவு விளைச்சலை வாங்குகிறோம்? அந்த விளைச்சலில் செலவு போக மிஞ்சுவதை அடுத்த போகத்துக்கு யார், எங்கே விதைக்கிறார்கள்? அத்தானோடு திண்ணையில் உட்கார்ந்து இந்த இரண்டையும்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அந்தக் கணக்கு வேறு யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் வயல்

எங்கள் பக்கம் குத்தகை மாவுக்கு நாலு மூட்டை. மூன்று மா ஒரு ஏக்கர் என்று வைத்தால் வருஷத்துக்கு 12 மூட்டை, 60 கிலோ மூட்டையாக 720 கிலோ. 2025-26 பருவத்தில் அரசு கொள்முதல் நிலையத்தில் மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துப் பொது ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். ஆக 18,000 ரூபாய். இருபது லட்சம் போட்டால் வருவது இவ்வளவுதான். நூற்றுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை.

சொந்தமாகச் சாகுபடி செய்தால் கூடக் கிடைக்கும், உண்மைதான். அதற்கு வயலில் கால் வைக்க ஆள் வேண்டும். 2024இல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12இல் திறக்கவில்லை. ஜூலை 28இல்தான் திறந்தார்கள். போர்வெல் இருந்தவர்கள்தான் குறுவை போட முடிந்தது. அறுவடைக்குப் பிறகு கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காத்திருக்கும் நாட்கள் வேறு. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். அத்தான் குவியலில் கைவிட்டு அடியிலிருந்து நாலு மணியை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். 'டக்'கென்று உடைந்தால் சரி. நசுங்கினால் மறுபடியும் தார்ப்பாயை விரித்து ரோட்டில் காயப்போட வேண்டும். அன்றைக்குப் பார்த்து மேகம் கட்டும். அறுபது வயதுக்கு மேல் இன்னொரு ஏக்கருக்கு இதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"ஆனா விலை ஏறியிருக்கே தம்பி?" என்றார் அத்தான். நியாயமான கேள்வி. எங்கள் அப்பா 1990இல் அதே வாய்க்காலில் ஏக்கர் 50,000 ரூபாய்க்கு வாங்கினார். இன்று இருபது லட்சம். 35 வருஷத்தில் 40 மடங்கு, கூட்டு வளர்ச்சியில் ஆண்டுக்கு 11 சதவீதம். எந்த வங்கியும் தராத கணக்கு.

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1990-91இல் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 205 ரூபாய். அதே 12 மூட்டைக் குத்தகைக்கு அன்றைக்கு வந்தது சுமார் 1,500 ரூபாய். 50,000 ரூபாய்க்கு அது 3 சதவீதம். அதற்குப் பிறகு நெல் விலை 12 மடங்கு ஏறியிருக்கிறது. வயல் விலையோ 40 மடங்கு. அதாவது வயல் கொடுக்கும் நெல்லுக்குச் சமமாக வயலின் விலை ஏறவில்லை. மூன்று மடங்குக்கு மேல் முந்திக்கொண்டு ஓடியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த பணம், மனைப் பிரிவு ஆசை, வேறு இடத்தில் போடத் தெரியாத பயம் என்று பல காரணம். அப்பா 3 சதவீத விளைச்சலுக்கு வாங்கினார். அத்தான் 0.9 சதவீதத்துக்கு வாங்கப் பார்க்கிறார். வயல் அதே வயல்தான். வாங்கும் விலைதான் வேறு. அந்த ஓட்டம் இன்னொரு முறை நடந்தால்தான் அத்தானுக்கும் 11 சதவீதம் கிடைக்கும். ரோட்டோர வயலாக இருந்தால் மனை ஆகும் என்று நம்பலாம். இது மெயின் ரோட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே.

மதிப்பு பார்த்து முதலீடு செய்வது என்றால் இதுதான். அதை எல்லோரையும்விட நன்றாகச் செய்தவர் அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட், அவரும் வயல் வாங்கியிருக்கிறார் என்று சொன்னதும் அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். 1986இல் தன் ஊரான ஒமாஹாவுக்கு வடக்கே 50 மைலில் 400 ஏக்கர் பண்ணையை 2,80,000 டாலருக்கு வாங்கினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அமெரிக்காவில் பண்ணை நில விலை தாறுமாறாக ஏறி, பிறகு சரிந்து, கடன் கொடுத்த வங்கிகள் மூழ்கியிருந்தன. அப்படி மூழ்கிய ஒரு வங்கி, அந்தப் பண்ணைக்குக் கடனாகக் கொடுத்திருந்த தொகையைவிட மிகக் குறைந்த விலைக்கு வாங்கினார். விவசாயம் அவருக்குத் தெரியாது, மகனுக்குத் தெரியும். மக்காச்சோளமும் சோயாவும் எவ்வளவு விளையும், செலவு எவ்வளவு என்று மகனிடம் கேட்டுக் கணக்குப் போட்டார். போட்ட பணத்துக்கு 10 சதவீதம் வரும் என்று தெரிந்தது. 28 வருஷம் கழித்து அவரே எழுதியபோது பண்ணை வருமானம் மும்மடங்காகியிருந்தது. நிலத்தின் மதிப்பு ஐந்து மடங்கு, அதற்கும் மேல்.

அவர் வாங்கியது 10 சதவீதத்துக்கு. நாம் வாங்கப்போவது 1 சதவீதத்துக்கும் கீழே. அத்தான் ரொம்ப நேரம் பேசவில்லை.

வயலுக்குச் சாதகமாகவும் சொல்ல வேண்டியவை உண்டு. கிராமப்புற விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. விவசாய வருமானத்துக்கும் நேரடி வரி இல்லை. தினமும் யாரும் வந்து உன் வயல் இன்றைக்கு இவ்வளவு குறைந்துவிட்டது என்று கத்துவதில்லை, அதனால் பதற்றத்தில் விற்க மாட்டோம். வாங்கும்போது முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவீதம் போய்விடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. இருபது லட்சத்துக்கு அது 1,80,000 ரூபாய். பத்து வருஷக் குத்தகை.

பெர்க்‌ஷயர்: விதைநெல்லைத் தொடாத குடும்பம்

பெர்க்‌ஷயர் ஹாத்வே ஒரு காலத்தில் துணி ஆலை. 1965இல் பஃபெட் அதன் நிர்வாகத்தைக் கையில் எடுத்தார். துணி வியாபாரம் தேறவில்லை, 1985இல் ஆலையை மூடிவிட்டார்கள். ஆனால் தறி ஓடிய காலத்தில் கிடைத்த காசையெல்லாம் தறியிலேயே திரும்பப் போடாமல், 1967இல் ஒரு காப்பீட்டு நிறுவனத்தை வாங்கினார். மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்தது.

காப்பீட்டில் பிரீமியம் முதலில் வரும், இழப்பீடு பிறகுதான் போகும். இடையில் அந்தப் பணம் கம்பெனியிடம் தங்கும். வீராணம் ஏரியைப் பாருங்கள். வடவாறு வழியே வரும் தண்ணீர் ஏரிக்குச் சொந்தமில்லை. ஒரு பக்கம் வந்துகொண்டே இருக்கிறது, மதகு வழியே போய்க்கொண்டே இருக்கிறது. ஆனாலும் மட்டம் நிற்கிறது. பெர்க்‌ஷயரிடம் அப்படித் தங்கி நிற்கும் பணம் 2024 முடிவில் சுமார் 17,100 கோடி டாலர். காப்பீட்டுத் தொழிலைக் கவனமாக நடத்தினால் இந்தப் பணத்துக்கு வட்டி கிடையாது. அதை வைத்துத்தான் ரயில் கம்பெனி, மின்சாரக் கம்பெனி, கோகோ கோலா பங்கு, ஆப்பிள் பங்கு எல்லாம் வாங்கினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு மிட்டாய்க் கடையின் கதை. கலிபோர்னியாவின் சீஸ் கேண்டீஸை 1972இல் 2.5 கோடி டாலருக்கு வாங்கினார்கள். நல்ல பெயர், நல்ல லாபம். ஆனால் ஒரு மிட்டாய்க் கடை எவ்வளவுதான் பெருகும்? தஞ்சாவூரில் கூட்டம் அலைமோதும் ஸ்வீட் கடை அரியலூரில் கிளை போட்டுத் திணறுவதைப் பார்த்திருக்கிறோம். கடை நன்றாக ஓடும், லாபத்தைத் திரும்பப் போட இடம் இருக்காது. தனிக் கடைக்காரர் என்றால் லாபத்தை எடுத்து மனை வாங்குவார், கல்யாண மண்டபம் கட்டுவார். சீஸ் கேண்டீஸ் 2007 வரை சம்பாதித்த 135 கோடி டாலரில் அந்தத் தொழிலுக்கே திரும்பத் தேவைப்பட்டது 3.2 கோடிதான். வரி போக மிச்சத்தை எடுத்து வேறு நல்ல தொழில்களை வாங்கினார்கள். பல தொழில்களை ஒரு கூரையின் கீழ் வைத்திருக்கும் கம்பெனியின் உண்மையான பலம் இது. ஒரு வயலில் அதிகமாக விளைந்த நெல்லை இன்னொரு வயலுக்கு விதையாகக் கொண்டுபோக முடிகிறது, நடுவில் யாரும் எடுத்துச் சாப்பிடுவதில்லை. பஃபெட் காலத்தில் பங்குதாரர்களுக்கு டிவிடெண்ட், அதாவது லாபத்தில் பங்கு, கொடுத்தது ஒரே ஒரு முறை, 1967இல், பங்குக்கு 10 சென்ட்.

பலன்? 1965 முதல் 2024 வரை ஆண்டுக்கு 19.9 சதவீதக் கூட்டு வளர்ச்சி. அதே காலத்தில், அமெரிக்காவின் ஐந்நூறு பெரிய கம்பெனிகளின் பங்கு விலையைச் சேர்த்துக் காட்டும் எஸ் அண்டு பி 500 குறியீடு டிவிடெண்டும் சேர்த்து 10.4 சதவீதம். வித்தியாசம் இரு மடங்குபோலத் தெரியும். அப்படியில்லை. 100 டாலர் குறியீட்டில் சுமார் 39,000 டாலர் ஆகியிருக்கும், பெர்க்‌ஷயரில் 55 லட்சம் டாலர்.

பல தொழில் வைத்திருப்பது எதற்கு என்று பட்டுக்கோட்டைக்காரர்களிடம் கேளுங்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கடந்தபோது எங்கள் பெரியம்மா தோப்பில் 70 தென்னை. விடிந்து நான் போய்ப் பார்த்தபோது ஒன்பது நின்றன. மற்றதெல்லாம் ஒரே பக்கமாகத் தலை வைத்துக் கிடந்தன, வேர்த்தட்டு மண்ணோடு பெயர்ந்து ஆள் உயரத்துக்கு நின்றது. பெரியம்மா ஒவ்வொரு மரமாகப் போய் அடிமரத்தைத் தொட்டுக்கொண்டே நடந்தார். முப்பது வருஷ வருமானம் ஒரே பயிரில் இருந்தது. ஒரே ராத்திரி போதுமாக இருந்தது.

சரி, அப்படியென்றால் மகள் சொல்வதுபோல் 42 லட்சத்தையும் அங்கே போட்டுவிடலாமா? நான் வேண்டாம் என்றேன். காரணங்களைச் சொல்கிறேன்.

அந்த 19.9 சதவீதம் நடந்து முடிந்தது. கம்பெனியின் சந்தை மதிப்பு 2024 ஆகஸ்டில் ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. இவ்வளவு பெரிய உடம்புக்கு எந்த மிட்டாய்க் கடையும் தீனி ஆகாது. கண்ணைப் பறிக்கும் வளர்ச்சிக்கு இனி வழியில்லை என்று பஃபெட்டே பங்குதாரர்களுக்கு எழுதிவிட்டார். கடந்த இருபது வருஷத்தில் குறியீட்டுக்கும் பெர்க்‌ஷயருக்கும் பெரிய இடைவெளி இல்லை. 2024 முடிவில் 33,400 கோடி டாலருக்கு மேல் ரொக்கமாகவும் அரசுப் பத்திரமாகவும் சும்மா வைத்திருந்தார்கள். வாங்கத் தகுந்த விலையில் எதுவும் இல்லை என்பதுதான் அதன் பொருள். எனக்கு அது நம்பிக்கையே தருகிறது. விலை அதிகம் என்று தெரிந்தும் வாங்கிப் போடுகிறவர்களிடம் பணத்தைக் கொடுப்பதைவிட இது மேல்.

ஆளும் மாறிவிட்டார். பஃபெட்டின் துணையாக இருந்த சார்லி மங்கர் 2023 நவம்பரில் 99 வயதில் காலமானார். 2026 தொடக்கத்தில் தலைமை நிர்வாகப் பொறுப்பு கிரெக் ஏபெலிடம் வந்தது. விதைநெல்லைத் தொடாத பழக்கம் அடுத்த தலைமுறையிலும் இருக்குமா என்பது எந்தக் கூட்டுக் குடும்பத்திலும் எழும் கேள்விதான். பெரியவர் இருக்கும்வரை ஒரு மரக்கால் நெல் வீணாகாத வீடுகளில் பிறகு என்ன நடந்தது என்பதை நம் ஊரில் தெருவுக்கு ஒன்று பார்த்திருக்கிறோம். பெர்க்‌ஷயரில் அப்படி ஆகும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் பழைய 60 வருஷத்தை அப்படியே முன்னால் நீட்டிக் கணக்குப் போடக் கூடாது.

விலை இறங்கும், அதுவும் பாதியாக. 1998 ஜூனிலிருந்து 2000 மார்ச்சுக்குள் பெர்க்‌ஷயர் பங்கு 49 சதவீதம் விழுந்தது. 2008 செப்டம்பரிலிருந்து 2009 மார்ச்சுக்குள் 51 சதவீதம். இரண்டு முறையும் உள்ளே இருந்த தொழில்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. விற்காமல் இருந்தவருக்கு நஷ்டமில்லை. அந்த நேரத்தில் மகள் கல்யாணம் வந்திருந்தால்?

அப்புறம் நம் ஊர்ச் சட்டம். ரிசர்வ் வங்கியின் தாராள அனுப்பீட்டுத் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், அதனால் தடை இல்லை. ஆனால் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் அனுப்பும் தொகையில் 20 சதவீதத்தை வங்கி வரியாகப் பிடித்துவைக்கும். வருமான வரிக் கணக்கில் திரும்ப வரும், ஆனால் மாதங்கள் ஆகும். வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் ஒவ்வோர் ஆண்டும் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் பெரிய அபராதம் வரலாம். எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. 24 மாதத்துக்கு மேல் வைத்து விற்றால் ஆதாயத்தில் 12.5 சதவீத வரி.

யாரும் சொல்லாத ஒன்று உண்டு. அமெரிக்கக் குடிமகன் அல்லாத, அங்கே குடியிருக்காத ஒருவர் இறக்கும்போது அவர் பெயரில் 60,000 டாலருக்கு மேல் அமெரிக்கப் பங்கு இருந்தால், மேலே உள்ள தொகைக்கு அமெரிக்க அரசு 40 சதவீதம் வரை வாரிசு வரி போடும். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இதில் ஒப்பந்தம் இல்லை. மகளுக்காகச் சேர்ப்பதை மகள் கைக்குப் போகும் நேரத்தில் இழக்கக் கூடாது. இந்த வரம்புக்கு வெகு கீழே நின்றால் கவலையில்லை.

சாதகமாக ஒன்று: டாலர். 2005இல் ஒரு டாலர் சுமார் 44 ரூபாய், 2025 டிசம்பரில் 90ஐத் தாண்டியது. பங்கு ஏறாமல் நின்றிருந்தாலும் ரூபாய்க் கணக்கில் ஆண்டுக்கு மூன்றரை சதவீதம் கூடியிருக்கும். நம் சொத்து முழுவதும் ஒரே ஆற்றை, ஒரே நாட்டை நம்பி இருக்கும்போது வெளியே கொஞ்சம் இருப்பது நல்லதுதான். அந்தக் கம்பெனியின் விலை குறைந்த பி வகுப்புப் பங்கு ஒன்று 2025 முடிவில் சுமார் 500 டாலர், எளியவரும் வாங்கலாம்.

பாதி விலைக்குக் கிடைக்கும் நம் ஊர்க் கம்பெனிகள்

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது பொய்யில்லை. பாரி என்றால் நமக்குக் கரும்பு ஆலை. நெல்லிக்குப்பத்தில் அவர்கள் ஆலையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஈ.ஐ.டி. பாரி 1981இல் முருகப்பா குழுமத்துக்கு வந்தது. இன்று அதன் மதிப்பில் பெரும்பங்கு சர்க்கரையில் இல்லை. நாம் வயலுக்குப் போடும் குரோமோர் உரத்தைத் தயாரிக்கும் கோரமண்டல் இன்டர்நேஷனலில் பாதிக்கு மேல் பங்கு பாரியிடம் இருக்கிறது. அந்தப் பங்குகளின் சந்தை விலையைக் கூட்டினால், பாரியின் மொத்தச் சந்தை விலையைவிட அதிகமாக வருவது வழக்கம். சர்க்கரை ஆலை இலவசம்போல! பஜாஜ் ஹோல்டிங்ஸ் கதையும் இப்படித்தான். பஜாஜ் ஆட்டோவிலும் பஜாஜ் ஃபின்சர்விலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதனிடம் இருக்கிறது. அந்தப் பங்குகளின் விலையைவிடக் குறைவாகவே அதன் விலை நிற்கிறது.

உச்சம் எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ். ஏசியன் பெயின்ட்ஸ் பங்குகளை வைத்திருக்கும் சின்னக் கம்பெனி. பங்கு விலை 3 ரூபாய் 53 காசு என்று வருஷக்கணக்கில் கிடந்தது, யாரும் விற்கவில்லை. இப்படிப்பட்ட கம்பெனிகளுக்குச் சரியான விலை கண்டுபிடிக்கத் தனி ஏலம் நடத்தும்படி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி சொன்னது. 2024 அக்டோபர் 29 அன்று ஏலத்தில் வந்த விலை 2,25,000 ரூபாய், அன்றைக்கே 2,36,250 ரூபாய்க்கு ஏறியது. ஒரே நாளில். அப்போதும்கூட உள்ளே இருந்த பங்குகளின் மதிப்பைவிட அது குறைவுதான்.

ஏன் இந்தத் தள்ளுபடி? டெல்டாக்காரருக்கு இதை ஒரே வார்த்தையில் சொல்லலாம்: கூட்டுப் பட்டா. அண்ணன் தம்பி ஆறு பேர் பெயரில் இருக்கும் பிரிக்காத நிலத்தில் ஒரு பங்கை வெளியாள் வாங்கினால் முழு விலை கொடுப்பாரா? நிலம் அங்கேயே இருக்கிறது, நல்ல நிலம்தான். ஆனால் அளந்து கல் நட முடியாது, தனியாக விற்க முடியாது, என்ன பயிர் என்று சொல்ல முடியாது. அதனால் பாதி விலை. இந்திய ஹோல்டிங் கம்பெனிகளில் பெரும்பாலானவை, குழுமத்தைக் குடும்பத்தின் பிடியில் வைத்திருப்பதற்காக இருப்பவை. உள்ளே இருக்கும் பங்கை அவர்கள் விற்கப்போவதில்லை. விற்றால் வரி, பிடியும் தளரும். மிட்டாய்க் கடை லாபத்தை எடுத்து ரயில் வாங்கும் வேலை பெரும்பாலும் அங்கே நடப்பதில்லை.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். 2016இல் ஒரு ஹோல்டிங் கம்பெனியை, பெயர் வேண்டாம், 100 ரூபாய்ச் சொத்து 45 ரூபாய்க்குக் கிடைக்கிறதென்று ஒன்றரை லட்சத்துக்கு வாங்கினேன். எட்டு வருஷத்தில் உள்ளிருந்த சொத்து இரண்டு மடங்கானது. சந்தை கொடுத்த விலை 45 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகக் குறைந்திருந்தது. சொத்து 200, பங்கு 60. ஆண்டுக்கு 4 சதவீதம்கூடத் தேறவில்லை. தள்ளுபடியில் வாங்கினால் போதாது. தள்ளுபடி ஒருநாள் நீங்குவதற்கு ஒரு காரணம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அல்லது காத்திருக்கும் காலத்துக்கு டிவிடெண்டாவது நல்லபடியாக வர வேண்டும். பெர்க்‌ஷயர் அதன் சொத்து மதிப்புக்குக் கீழே அப்படிக் கிடக்காமல் இருப்பதற்குக் காரணம், மிஞ்சியதை நன்றாக விதைப்பார்கள் என்று அறுபது வருஷமாகச் சேர்த்த பெயர்.

ஆகவே இந்த வரிசையில் பாரியும் பஜாஜும் நல்ல தொழில்கள்மேல் நிற்பவை. உரத் தொழிலும் வாகனத் தொழிலும் பிடித்திருந்தால் வாங்கலாம். பாதி விலை என்ற ஒரே காரணத்துக்காக வேண்டாம்.

மற்றவை

நகை பற்றி அக்காவிடம் அதிகம் வாதாடவில்லை. 2025இல் பவுன் 90,000 ரூபாயைத் தாண்டியதைப் பார்த்தவரிடம் என்ன சொல்வது? ஏற்கெனவே வீட்டில் இருப்பது போதும் என்று மட்டும் சொன்னேன். செய்கூலி, சேதாரம் போக, தங்கம் நெல் போடாது, குட்டி போடாது. தங்கப் பத்திரமாக வாங்கினால் வட்டியாவது வரும் என்று முன்பு சொல்வோம். 2024 பிப்ரவரிக்குப் பிறகு அரசு அதைப் புதிதாக வெளியிடவில்லை.

ஒரு குறியீட்டில் உள்ள எல்லாக் கம்பெனிகளின் பங்கையும் வாங்கி வைக்கும் குறியீட்டு நிதி பற்றிச் சொல்லக் குறைவாகவே இருக்கிறது, ஏனென்றால் அதில் குழப்பமே குறைவு. நிஃப்டி 50 என்றால் நாட்டின் ஐம்பது பெரிய கம்பெனிகள், மிகக் குறைந்த செலவில். தள்ளுபடி, குடும்பச் சண்டை, தலைமை மாற்றம் எதுவும் நம் தலைவலி இல்லை. தேறாத கம்பெனி தானாக வெளியே போகும், தேறியது உள்ளே வரும். தன் மனைவிக்கு விட்டுப்போகும் பணத்தில் 90 சதவீதத்தைக் குறைந்த செலவுக் குறியீட்டு நிதியில் போடச் சொல்லியிருப்பதாகப் பஃபெட் எழுதியதை அத்தானிடம் சொன்னேன். பெர்க்‌ஷயரை உருவாக்கியவரே!

மாதச் செலவுக்கு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். 8.2 சதவீதம், அஞ்சலகத்தில். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி கைக்கு வரும். டிவிடெண்டே கொடுக்காத பெர்க்‌ஷயரால் இந்த வேலையைச் செய்ய முடியாது, 0.9 சதவீத வயலாலும் முடியாது.

கடைசியில் எடுத்த முடிவு

வயல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் கிளம்பியிருப்பேன். அத்தான் விடவில்லை. "வா, ஒரு தரம் வந்து பாத்துட்டுப் போ" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

வரப்பில் நடக்கும்போதுதான் புரிந்தது. அவர் வயலுக்குத் தண்ணீர் வரும் கன்னி வாய்க்கால், அந்தக் கோயம்புத்தூர்க்காரர் வயலின் தெற்கோரமாகத்தான் வருகிறது. வருவாய்ப் படத்தில் அந்த வாய்க்கால் இல்லை. இரண்டு குடும்பத்துப் பெரியவர்களும் பேசி விட்டது. அத்தான் குனிந்து மண்ணை ஒதுக்கி மடை வாயில் பதித்திருந்த கருங்கல்லைக் காட்டினார், அவருடைய அப்பா வைத்தது. ஓரம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. "புதுசா வாங்கறவன் இதத் தூத்துட்டான்னா நம்ம ரெண்டு ஏக்கரும் தரிசு தம்பி." குத்தகைக் கணக்கில் இது எங்கும் வராது. ஆனால் இது மதிப்புதான். புது ஏக்கரின் விளைச்சல் 18,000 ரூபாய்தான், அதன் ஓரத்தில் ஓடும் தண்ணீரோ ஏற்கெனவே இருக்கும் இரண்டு ஏக்கரைக் காக்கிறது.

அன்று இரவு கணக்கை மாற்றி எழுதினோம். முழு ஏக்கர் வேண்டாம். வாய்க்கால் ஓடும் தெற்கோரம் ஒரு மா மட்டும், பதிவுச் செலவோடு எட்டு லட்சத்துக்குள். அஞ்சலகத்தில் 15 லட்சம். காலாண்டுக்கு 30,750 ரூபாய் வரும், இருவருக்கும் ஓரளவு போதும். நிஃப்டி குறியீட்டு நிதியில் 14 லட்சம், ஒரே நாளில் போடாமல் பன்னிரண்டு மாதத் தவணையாக. பெர்க்‌ஷயரில் 5 லட்சம், பத்து வருஷத்துக்குத் தொடுவதில்லை என்ற பேச்சோடு. வங்கி பிடித்துவைக்கும் வரம்புக்கும் அமெரிக்க வாரிசு வரி வரம்புக்கும் வெகு கீழே அது நிற்கிறது. விலை பாதியானால் என்ன செய்வது என்று மகள் ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் வைத்திருக்கிறாள்: "விற்கக் கூடாது. எனக்குப் போன் செய்யவும்."

கோயம்புத்தூர்க்காரர் முதலில் பிரித்துக் கொடுக்க ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மாவை அறுத்துக் கொடுத்தால் மிச்சத்துக்கு விலை குறையும் என்றார், அவர் சொல்வதும் நியாயம். அத்தான் 40,000 ரூபாய் கூட்டிக் கேட்டிருக்கிறார். வரும் செவ்வாய்க்கிழமை சர்வேயர் வந்து அளக்கிறார். கருங்கல் மடைக்கு இரண்டடி தள்ளிக் கல் நட வேண்டும் என்று மட்டும் அத்தானிடம் சொல்லியிருக்கிறேன்.